ஒன்பதாம் நம்பர் கடை

இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். நல்லகாமனும் அவன் மனைவி சின்னத்தாயும் ராதாமணியக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி அது. ஒரே நாளில் வாங்கியதில்லை. மகள் கனகலட்சுமியின் பிரசவத்துக்குப் பன்னிரண்டாயிரம். வீட்டுக்காரர் அட்வான்சை ஏற்றியபோது பத்தாயிரம். மழையில் வேலை நின்றுபோன இரண்டு மாதத்துக்கு அரிசியும் மாத்திரையுமாக ஐயாயிரத்து அறுநூறு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கைமாத்து. கேட்டபோதெல்லாம் ராதாமணியக்கா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, முகத்தைக்கூடச் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் அந்தத் தொகை நல்லகாமனுக்கு ஒரு காசு பிசகாமல் நினைவிருந்தது. வட்டிக்கு வாங்கியது மறந்துபோகும், கொடுத்தவனே ஞாபகப்படுத்துவான். கைமாத்தை வாங்கினவன்தான் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வைகைக் கரையை ஒட்டிப் போகும் சந்தில், பதினோரு வருஷமாக அந்த இரண்டு பெண்களின் தள்ளுவண்டிகளும் பக்கம் பக்கமாக நின்றன. சின்னத்தாய் கம்மங்கூழ் விற்றாள். காலை ஏழு மணிக்குப் பானையை இறக்கினால் பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். ராதாமணியக்கா பதினோரு மணிக்குத்தான் வருவாள், புளியோதரைப் பொட்டலங்களோடு. சௌராஷ்டிர வீட்டுப் புளியோதரைக்கு மதுரையில் ஆள் தேட வேண்டியதில்லை. அவள் புருஷன் தறியில் உட்கார்ந்திருந்தவன், மாரடைப்பில் போய்விட்டான். ஒரே மகன் வெங்கடேஷ்பாபுவைப் பொட்டலம் கட்டித்தான் பி.காம். படிக்க வைத்தாள். இரண்டு வண்டிக்கும் ஒரே குடை, ஒரே தண்ணீர் டிரம். கூழ் குடிக்க வருகிறவனிடம் சின்னத்தாய், மத்தியானம் அக்கா வந்ததும் ஒரு பொட்டலம் வாங்கிக்கங்க என்பாள். ராதாமணியக்காவும் தன்னிடம் வருகிறவர்களைக் காலையில் கூழுக்கு அப்படியே அனுப்புவாள்.

வைகைக் கரையை அழகுபடுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு தகரத்தில் பெரிய படம் ஒன்றை நட்டார்கள். படத்தில் ஆறு கரைமுட்ட ஓடியது. கரையில் பளபளவென்று சாலை, வரிசையாக விளக்கு, வரிசையாகக் கடை. தொப்பி போட்ட பெண்கள் நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எத்தனை கோடி செலவு, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை, மதுரைக்கு எவ்வளவு வருமானம் என்றெல்லாம் கீழே எழுதியிருந்தது. நல்லகாமன் எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் மேஸ்திரி கண்ணுச்சாமி சொன்னான்:

“தண்ணியை மட்டும் அவிங்க படத்துலருந்து எறக்கிரட்டும்ணே. மத்ததையெல்லாம் நம்ம கட்டிருவோம்.”

கரையில் ஏற்கெனவே வியாபாரம் செய்கிறவர்களை எண்ணி அட்டை கொடுப்பார்கள், கட்டப்போகும் கடைகளில் அவர்களுக்கு முதல் உரிமை என்று பேசிக்கொண்டார்கள். எப்போது எண்ணுவார்கள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

எண்ண வந்தது சிவராத்திரி அன்று.

மேற்கே பேரையூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்குக்கூடக் கடையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிவராத்திரிக்குக் குலசாமி கோவிலுக்குப் போகாவிட்டால் பங்காளி முகத்தில் முழிக்க முடியாது. அந்தச் சந்தில் அப்படிப் பதினோரு வண்டிகள் இருந்தன. பதினொன்றையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டிவிட்டு, முதல் நாளே பஸ் ஏறிவிட்டார்கள். சர்க்காருக்கு அன்று லீவு கிடையாது. கணக்கெடுக்கிற கம்பெனிக்கு எந்தச் சாமி எந்த ஊர் என்று தெரியவும் தெரியாது. கையில் பலகை மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு தமிழ்வாணி என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும், போட்டோ எடுப்போம், ஆள் இல்லாத வண்டி கணக்கில் வராது என்றார்கள்.

ராதாமணியக்கா சின்னத்தாயின் நம்பருக்கு நாலு தடவை அடித்தாள். போன் கோவில் வாசலில் ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்தது. அந்தப் பெண் மூடிக்கிடந்த வண்டியைக் காட்டி இது யாருடையது என்று கேட்டபோது, ராதாமணியக்கா கொஞ்சமும் யோசிக்காமல், இது என்னுது, அது என் மகனுது என்று சொல்லிவிட்டாள். ஜவுளிக்கடையில் வேலையிலிருந்த பாபுவுக்குப் போன் போட்டாள். அவன் அரைமணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கி, தார்ப்பாயை விலக்கி, சின்னத்தாயின் பானை மூடியைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றான்.

மூன்றாம் நாள் திருநீற்றுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தவர்களிடம் ராதாமணியக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சின்னத்தாயின் கையைப் பிடித்தாள்.

“உங்க இடத்தை நான் விடலை சின்னத்தாயி. பாபு பேர்ல நிக்கிது, அம்புட்டுத்தான். கடைண்டு ஒண்ணு கையில குடுத்தாங்கண்டா அன்னைக்கே சாவியை உங்கிட்டக் குடுத்துருவேன்.”

சின்னத்தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டாள்.

விடுபட்டவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று பிறகு ஒரு மாதம் அவகாசம் விட்டார்கள். சிவராத்திரிக்குப் போயிருந்த மற்றப் பத்துப் பேரும் மனுக் கொடுத்தார்கள். நல்லகாமனும் மனு எழுதுகிறவரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தான். படிவத்தில் நாலாவது கேள்வி, அந்த இடம் தற்போது யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா என்று இருந்தது. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

நல்லகாமன் எழுந்து போய் வேப்பமரத்தடியில் ஒரு பீடி பிடித்தான். பாபு பேரைச் சொன்னால் விசாரிப்பார்கள். விசாரித்தால் அக்கா பொய் சொன்னது வெளியே வரும். அவளுடைய அட்டையும் போனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? நமக்காகச் சொன்ன பொய்யை நாமே காட்டிக்கொடுப்பதா? பீடி முடிவதற்குள் முடிவும் ஆகிவிட்டது. வெற்றுப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். வீட்டில் சொன்னபோது சின்னத்தாய், செஞ்சது சரிதான் என்றாள். கண்ணுச்சாமிதான் வாய்க்கு வந்தபடி திட்டினான். உன்னை மாதிரி ஆளையெல்லாம் கண்காட்சியில நிறுத்தி டிக்கெட் போடணும்ணே என்றான். மனுக் கொடுத்த பத்துப் பேருக்கும் அட்டை வந்துவிட்டது.

பிறகு வேலை ஆரம்பமானது. கண்ணுச்சாமிக்குக் கரைச்சுவரில் ஒரு துண்டு காண்ட்ராக்ட் கிடைத்தது, நல்லகாமனுக்குக் கண்ணுச்சாமியிடம் வேலை. அவன் பங்குக்கு முதலில் வந்த லாபம் அதுதான். ஐம்பத்து மூன்று வயதில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், நாளுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்க்கு வேலை. ஜல்லி சுமந்தான், கம்பி கட்டினான், போட்ட கான்கிரீட்டுக்குச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினான். நானூறு பேர் கரையில் வேலை செய்ததில் சின்னத்தாய் ஒரு பானையை இரண்டு பானையாக்கினாள். ராதாமணியக்காவின் பொட்டலம் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்தது. படத்தின் கீழே எழுதியிருந்தது பொய்யில்லை போலிருக்கிறது என்று நல்லகாமன் நினைத்ததுண்டு.

அந்த எண்ணம் எட்டு மாதம் நீடித்தது. சுவர் எழும்பி, ஆற்றுச் சாக்கடை வாடை குறைந்ததும், மூவாயிரமாக இருந்த வீட்டு வாடகை நாலாயிரத்து ஐநூறு ஆனது. ரோட்டுக்குத் தார் விழுந்ததும் ஐயாயிரத்து ஐநூறு ஆனது, அட்வான்ஸ் தனி. நல்லகாமன் வீட்டுக்காரரிடம் போய் நின்றான். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

“நான் ஏத்தலைப்பா நல்லகாமா. ஆறுல்ல ஏத்துது.”

நாள் முழுக்கக் கல் தூக்கி அந்தக் கரையை உயர்த்தியது தன் முதுகுதான் என்பது அவனுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. யாரிடம் சொல்ல முடியும்? ராதாமணியக்காவிடம் பத்தாயிரம் கைமாத்து வாங்கிக் கொடுத்தான். கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது மூன்று பேருமே சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருஷம் ஆவணியில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது கடை. ஒன்பதாம் நம்பருக்கு நேரே வெங்கடேஷ்பாபு என்று இருந்தது. ராதாமணி என்ற பேர் எங்கேயும் இல்லை. கீழிருந்து மேலாக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை நல்லகாமன் விரல் வைத்துத் தேடினான். மூன்று பேரும் உள்ளே போய்க் கேட்டபோது ஆபீசில் இருந்த பெண் நிதானமாக விளக்கினாள். ஒரு ரேசன் கார்டுக்கு ஒரு கடைதான். தாயும் மகனும் ஒரே கார்டு. வயதில் சின்னவர் பேரை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டோம்.

ராதாமணியக்கா ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு தன் வண்டியை மட்டும் காட்டியிருந்தால் அவள் பேரிலேயே ஒரு கடை வந்திருக்கும். நல்லகாமன் அந்த மனுவைக் கொடுத்திருந்தால் அவனுக்கும் வந்திருக்கலாம். ஒருவருக்கொருவர் நல்லது செய்யப்போய் இரண்டு கடை ஒரு கடையாகிவிட்டது. இதை மூன்று பேரும் அந்தப் படிக்கட்டிலேயே புரிந்துகொண்டார்கள். கடைசியில் ராதாமணியக்காதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில கூழு, மத்தியானம் பொட்டலம், ஒரே கடையில ரெண்டு பேரும் ஓட்டிக்கலாம், இத்தனை வருசம் ஒரே குடையிலதான இருந்தோம் என்றாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நல்லகாமன் அன்று வீட்டுக்கு நடந்தான்.

கடைகளுக்குத் தளம் போடும் வேலையும் கண்ணுச்சாமிக்கே வந்தது. ஒன்பதாம் நம்பருக்குத் தளம் போட்ட அன்று நல்லகாமன் வேறு யாரையும் உள்ளே விடவில்லை. பத்தடிக்கு எட்டடி. கூழ்ப் பானை கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓடி வந்தால் குடிக்க வருகிறவன் கால் நனையும் என்று, பின்பக்க மூலையைப் பார்த்து ஒரு விரற்கடை வாட்டம் கொடுத்தான். தளம் இறுகியதும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் எங்கேயும் நிற்காமல் மூலைக்குப் போனது. மற்ற முப்பத்தொன்பது கடைக்கும் அப்படிப் போடவில்லை. கண்ணுச்சாமி பார்த்துவிட்டு, ஓனரம்மாகிட்டச் சொல்லி எனக்கு ஒரு செம்பு கூழு ஓசியில வேணும்ணே என்று கேலி செய்தான். நல்லகாமனுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. வீட்டில் போய் அதைச் சின்னத்தாயிடம் இரண்டு தடவை சொன்னான்.

சாவி கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராதாமணியக்கா இவர்கள் இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். முனிச்சாலைப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும் அடுப்படியுமாக இருக்கும் வீடு. பாபு இருந்தான். காப்பி வந்தது. அவன்தான் பேச்சை எடுத்தான்.

கடைக்கு டெபாசிட் எழுபத்தையாயிரம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் சங்கிலியை வைத்துக் கட்டியிருந்தான். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டான். பாங்கியில் இரண்டு லட்சம் லோன் போட்டிருந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஒன்பதாம் நம்பர் கடை பச்சை பெயிண்ட் அடித்து, மூங்கில் விளக்குத் தொங்கவிட்டு, சிறுதானிய கஃபே என்று போர்டு வைத்திருந்தது. ஆற்றைப் பார்க்க வருகிறவர்கள் பத்து ரூபாய்க் கூழுக்கு வர மாட்டார்கள், அதே கூழைப் பேப்பர் கப்பில் ஊற்றி மேலே மாதுளை முத்துத் தூவினால் அறுபது ரூபாய்க்குக் குடிப்பார்கள் என்றான். அவன் கணக்கில் தப்பில்லை என்பது நல்லகாமனுக்கே தெரிந்தது.

“அம்மா பங்குக்கு ஓட்டலாம்ண்டு சொல்லுச்சு மாமா. லோன் போட்டுட்டு அப்டி ஓட்ட முடியாது. காலையில ஒரு யாவாரம், மத்தியானம் ஒரு யாவாரம்ண்டா அது கடையா இருக்காது, வண்டி மாதிரித்தான் இருக்கும். அத்தை வந்து கூழு காச்சிக் குடுக்கட்டும். வேற யாரு காச்சுனாலும் அந்த ருசி வராது. நாளுக்கு நானூத்தம்பது தாரேன். மழையடிச்சாலும் சம்பளம்.”

ராதாமணியக்கா மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவள் குரல் ஏறியது, அவன் குரல் ஏறவில்லை. பதினோரு வருஷப் பழக்கத்தில் அந்தப் பாஷையில் சோறு, தண்ணீர், காசு என்கிற சொற்கள் நல்லகாமனுக்குத் தெரியும். அவை ஒன்றும் அதில் வரவில்லை. தன் பேரும் வரவில்லை, சின்னத்தாய் பேர் மட்டும் இரண்டு தடவை வந்தது. அவன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாபு மேல் கோபப்பட முயன்று பார்த்தான். சின்ன வயதில் அந்தப் பையன் இவனுடைய சைக்கிள் கேரியரில்தான் பள்ளிக்கூடம் போனான். அம்மா சங்கிலியும் அடகில் இருக்கிறது. கோபம் பாதி வழியிலேயே ஓய்ந்துபோனது.

தாயும் மகனும் பேசி முடித்தபோது ராதாமணியக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். அந்த இருபத்தேழாயிரத்து அறுநூறை மறந்துருங்க. நீங்க எனக்கு ஒண்ணும் தர வேணாம். சாமி சத்தியமா விட்டுட்டேன்.”

நல்லகாமனுக்குப் பிடரியில் இருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கியது போல இருந்தது. இரண்டரை வருஷமாகக் கனத்த மூட்டை. சரிங்க்கா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முட்டி வலிக்கிற ஆளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவன் வாயைத் திறப்பதற்குள் சின்னத்தாய் பேசிவிட்டாள். சத்தமே போடவில்லை.

“வேணாங்க்கா. கடனை நீங்க விட்டீங்கண்டா நாங்க இடத்தை அந்தக் காசுக்கு வித்த மாதிரி ஆயிரும். நாங்க விக்கலை. தம்பி கடையை நடத்தட்டும், நான் வேலைக்கு வாரேன். நாளுக்கு நூறு ரூவா பிடிச்சுக்கங்க.”

பாபு போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ராதாமணியக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெளியே வந்து நடக்கும்போது நல்லகாமன் மனைவியிடம் இருநூற்று எழுபத்தாறு நாள் ஆகும் என்றான். அவள், ஆகட்டும் என்றாள்.

அவனுக்கு உள்ளுக்குள் கோபம்தான். இவ்வளவு லேசாக வந்ததை உதறிவிட்டாளே என்று நாலைந்து நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு வேறொரு நினைப்பு மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது. கடன் இருக்கிறவரை ராதாமணியக்கா எதுவும் சொல்ல மாட்டாள். கடைசி நூறு ரூபாயைக் கொடுத்த அன்றைக்கு, சின்னத்தாயி, கடையில பாதி உன்னுது என்று சொல்லத்தானே வேண்டும்? அவள் அப்படிப்பட்டவள்தானே? மூடிக்கிடந்த வண்டிக்காக வெயிலில் நின்று பொய் சொன்னவள்தானே? இந்த நினைப்பை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சின்னத்தாயிடமும் சொல்லவில்லை. அவளும் அதைத்தான் நினைக்கிறாளோ என்று சில நேரம் தோன்றும், கேட்கத் தைரியம் வரவில்லை.

கடை நன்றாக ஓடியது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கரைச் சாலையில் கார் நிறுத்த இடமில்லை. கோரிப்பாளையத்திலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் விட்ட வாரங்களில் பேப்பர் கப் பத்தாமல் பாபு ஓடினான். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தான். லோன் தவணை தவறவில்லை, அம்மாவின் சங்கிலியை ஏழாம் மாதமே மீட்டுவிட்டான். மனுக் கொடுத்துக் கடை வாங்கிய பத்துப் பேரில் ஆறு பேர், மாதம் பதினைந்தாயிரத்துக்கு வேறு ஆளுக்கு உள்வாடகை விட்டுவிட்டு ஊரில் வீடு கட்டினார்கள். கரை எல்லோருக்கும் ஏதோ கொடுத்தது. சின்னத்தாய்க்கு நாளுக்கு முந்நூற்றைம்பது கொடுத்தது.

கரைவேலை முடிந்ததும் கண்ணுச்சாமி விருதுநகர்ப் பக்கம் ஒரு வேலைக்குப் போய்விட்டான். அவ்வளவு தூரம் போய்த் தங்கி வேலை செய்ய நல்லகாமனின் முட்டி இடம் கொடுக்கவில்லை. காலையில் கூலியாட்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றான். வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டார்கள். வாடகை கட்ட முடியாமல் விளாங்குடி தாண்டிக் குடிபோனார்கள். சின்னத்தாய் ஐந்தேகால் மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழு மணிக்குக் கூழ் தயாராகும். அவள் கடையின் பின்பக்கம், தடுப்புக்கு அந்தப்புறம் நின்று காய்ச்சினாள். முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. முன்னால் பச்சைச் சட்டை போட்ட பெண்கள் நின்றார்கள்.

ஒவ்வொரு நாளும் பாபு நானூற்றைம்பதையும் எண்ணிக் கொடுப்பான். அவள் அதில் நூறை உருவி, சாயங்காலக் கூட்டத்துக்குப் பொட்டலத்தோடு கடைக்கு வரும் ராதாமணியக்காவிடம் கொடுப்பாள். முதல் வாரம் ராதாமணியக்கா கையை நீட்டவே இல்லை. சின்னத்தாய் அதைப் புளியோதரைத் தூக்கின் மூடி மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாவது வாரத்திலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அதுவும் பழகிப்போனது. பதினோரு வருஷம் ஒரே குடையில் நின்று ஊர்க்கதை பேசிய இரண்டு பேரும், நூறு ரூபாய் கை மாறும் அந்த ஒரு நிமிஷத்தில் காலில் வெந்நீர் பட்டது பற்றியும் கனகலட்சுமியின் பிள்ளை மழலை பேசுவது பற்றியும் பேசினார்கள். இடத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இருநூறாவது நாள் முடிந்தபோது ஒரு தடவை ராதாமணியக்கா பின்பக்கம் வந்து, போதும் சின்னத்தாயி, எனக்கு ராத்திரி சாப்பாடு எறங்கலை என்றாளாம். இன்னும் எழுபத்தாறு இருக்குக்கா என்று சொல்லிவிட்டுச் சின்னத்தாய் துடுப்பால் கூழைக் கிண்டினாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, வேற ஒண்ணும் சொல்லலையா என்று நல்லகாமன் கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் நினைத்துக்கொண்டிருந்தது முழுவதும் அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. வேற என்ன சொல்லும் என்றாள்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டான். நாலு மணிக்குக் கடைக்கு வந்து, தடுப்புக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். சின்னத்தாய் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கரைச்சுவர் மேல் காலேஜ் பெண்கள் சிலர் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலுக்கு நடுவே ஒரு ஓடை மட்டும் போனது.

நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

“வருவேன். நாளையிலருந்து நானூத்தம்பதும் முழுசாக் கைக்கு வருதுல்ல.”

அவள் சொன்ன விதத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஐந்தேகால் பஸ்ஸைச் சொல்வது போலச் சொன்னாள்.

ராதாமணியக்கா வந்தாள். அவளுக்கும் எண்ணிக்கை தெரியும். புதுச் சேலை கட்டியிருந்தாள், மீட்ட சங்கிலி கழுத்தில் கிடந்தது. நல்லகாமனைப் பார்த்ததும் வா தம்பி என்றாள், குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. சின்னத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினாள். ராதாமணியக்கா அன்று அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியவள் அதைப் பையில் போடவில்லை. நீளவாக்கில் மடித்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள், பிரித்தாள். முன்பக்கம் பார்த்தாள். மகன் யாருக்கோ கப்பில் மாதுளை முத்துத் தூவிக்கொண்டிருந்தான். கூட்டம் இருந்தது. அவள் வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

நல்லகாமன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான். இப்போது சொல்வாள் என்று நின்றான். இருநூற்று எழுபத்தாறு நாள் அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அந்தப் பேச்சு அவள் கண்வரைக்கும் வந்ததை அவன் பார்த்தான், அதில் சந்தேகமே இல்லை. பாபு திரும்பிப் பார்த்து, அம்மா, ரெண்டு புளியோதரை என்றான். அவள் தூக்கைத் திறந்து இரண்டு பொட்டலம் எடுத்து நீட்டினாள். திரும்பி வந்தபோது கண்ணில் அது இல்லை.

“சரியாப் போச்சாக்கா?” என்று சின்னத்தாய் கேட்டாள்.

ராதாமணியக்கா சுருக்குப்பையை அவிழ்த்து நோட்டை உள்ளே வைத்தாள். முடிச்சுப் போட வெகுநேரம் ஆனது.

“சரியாப் போச்சு.”

நல்லகாமன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வேறு பேச்சு வரவில்லை. சின்னத்தாய் அவனுடைய செருப்பைக் காலால் அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள். கடன் தீர்ந்துவிட்டது.